மைக்கறை சொன்ன பதில்

தங்கைக்கும் அண்ணனுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. உடனே சொத்துத் தகராறு, பாகத் தகராறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரில் பதினாறு பக்கம் இடம் மாறிப்போன தகராறு அது. தப்பு தங்கையுடையதுதான், கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள். அப்போது இரண்டு பேரும் அண்ணனுடைய அச்சகத்தில் இருந்தார்கள். அண்ணன் மிஷின் பக்கம், தங்கை கம்ப்யூட்டர் பக்கம். அச்சாகி, தைத்து, அட்டை ஒட்டி, கட்டுக் கட்டி வைத்த பிறகுதான் பைண்டிங்காரர் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்து, "என்னங்க, விளையாட்டு விழாவுக்கு நடுவுல இரங்கல் செய்தி வருது" என்றார்.

அண்ணனுக்குக் குரல் பெரிது. மிஷின் ஓடுகிறபோதே அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு மிஷினும் ஓடவில்லை. வேலையாட்கள், வாடிக்கையாளர் இரண்டு பேர், காகிதக் கட்டு இறக்க வந்தவர், இத்தனை பேர் முன்னால் நின்று கத்தினார். ஆண்டு மலரைப் பற்றி மட்டும் கத்தியிருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பாள். அவர் அதோடு நிறுத்தவில்லை. "புருஷன் வீட்டுல குப்பை கொட்ட முடியாம வந்தவளுக்குப் பாவம் பார்த்து வேலை கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று முடித்தார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தங்கை தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள்தான், பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

முதல் வருஷம் அண்ணி இரண்டு தடவை போன் பண்ணினாள். தங்கை மரியாதையாகப் பேசினாள். "அவரைப் பேசச் சொல்லுங்க அண்ணி, பேசறேன்" என்றாள். அவர் பேசவில்லை. இவளும் கூப்பிடவில்லை. இரண்டும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். ரோஷத்தில் யார் உசத்தி என்று அளந்தால் மயிரிழைதான் வித்தியாசம் வரும்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்தாள். ஒரு மேசை, வீட்டில் முன்பே வைத்திருந்த தன் பழைய கம்ப்யூட்டர், நோட்டம் பார்க்க ஒரு சின்னப் பிரிண்டர், ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை. அழைப்பிதழ், ஆய்வேடு, கவிதைத் தொகுதி என்று எது வந்தாலும் கோத்துக் கொடுத்தாள். எல்லாம் கட்டற்ற மென்பொருளில்தான், காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் புழங்கலாம் என்கிற வகை. அது அவள் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள், அண்ணனுடைய கொள்கை. ஒரு காலத்தில் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்து, அச்சகத்துக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார். இவளுக்குக் கை அதிலேயே பழகிவிட்டது. ஆளை வெறுத்தாலும் அவர் பழக்கிய பழக்கத்தை விட முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவள் தானாகப் போய் ஒரு வம்பை விலைக்கு வாங்கினாள். ஜப்பானில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள் ஒருவர் ஒருநாள் மாடியேறி வந்தார். தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைப் பற்றிய குழந்தைக் கதை ஒன்றை ஜப்பானிய மொழியில் பெயர்த்து வைத்திருந்தார். நாற்பத்தெட்டுப் பக்கம். அங்கே ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"மேலேயிருந்து கீழே வரணும், வரி வலது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும். கஷ்டமான எழுத்துக்குப் பக்கத்துல எல்லாம் அதை எப்படிப் படிக்கணும்னு பொடி எழுத்துல போடணும், சின்னப் பசங்க இல்லையா. அடுத்த மாசம் இருபதாம் தேதி எனக்கு ஃபிளைட். நூறு காப்பி பெட்டியில இருக்கணும். முடியுமா?"

"முடியும்" என்றாள் தங்கை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்பார்களே, அதுதான்.

திரையில் எல்லாம் லட்சணமாகத்தான் வந்தது. எழுத்துக்கள் மேலிருந்து கீழாக இறங்கி, வரி வரியாக நின்றன. இவளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் பார்க்க அழகாக இருந்தது. கோப்பை அச்சுக் கடைக்கு அனுப்பி ஒரு நோட்டப் படி எடுத்து, உறையைக்கூடப் பிரிக்காமல் மொழிபெயர்ப்பாளர் கையில் பெருமையாகக் கொடுத்தாள். அவர் பிரித்தார். பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை காலிக் கட்டம்.

"என்னம்மா, ஆட்டுக்குட்டியோட சேர்ந்து கதையும் தொலைஞ்சு போச்சா?" என்றார்.

தங்கைக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு வாரம் முட்டி மோதிப் பார்த்தாள். ஒன்றைச் சரி பண்ணினால் இன்னொன்று போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, கட்டங்கள் மறைந்த இடத்தில் பக்கமே வெள்ளையாக வந்தது.

கட்டற்ற மென்பொருளில் அச்சுக் கோப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் அங்கே கேட்பார்கள், தெரிந்தவர் சொல்வார். கூலி கிடையாது, கும்பிடும் கிடையாது. அதில் ஜப்பானிய எழுத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் ஒரே ஓர் ஆள். என்றைக்கோ ஓர் இயந்திரக் கம்பெனிக்காக ஜப்பானியக் கையேடு அச்சடித்து, பட்ட பாட்டையெல்லாம் எழுதிவைத்தவர். மன்றத்தில் அவருக்கு 'ரோலர்' என்று பெயர். அந்த ரோலர் யார் என்று மன்றத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரியும். அண்ணன்தான்.

இரண்டு நாள் யோசித்தாள். சொந்தப் பெயரில் போய்க் கேட்பதற்குப் பதில் இருபதாம் தேதி அந்த அம்மாளிடம் கைவிரித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி, புதிதாக ஒரு பெயர். 'மைக்கறை' என்று வைத்துக்கொண்டாள். ஆம்பளை மாதிரி நாலு வரி எழுதினாள். சிக்கலைச் சொன்னாள். இப்படிக் கேட்கிறபோது கம்ப்யூட்டர் கக்கின குறிப்பு முழுவதையும் சேர்த்து ஒட்டுவது மன்றத்து வழக்கம். மருத்துவரிடம் போனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிற மாதிரி. இவளும் ஒட்டினாள். முந்நூறு வரி.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது.

"நண்பரே, பதற வேண்டாம். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும், எனக்கும் ஆனது. உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்கிறது, அதனால் உங்கள் திரையில் தெரிகிறது. அச்சுக் கடையில் அது இல்லை. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்ப வேண்டும். நீங்கள் பூட்டை மட்டும் கொடுத்துவிட்டுச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நிரலே அதைச் சொல்லியிருக்கிறது. எப்படிப் பொதிவது என்று கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எந்தப் படியில் சிக்கினாலும் கேளுங்கள்."

தங்கை அதை மூன்று தடவை படித்தாள். வேலை புரிந்தது, வயிறுதான் எரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம். யாரோ ஊர் பேர் தெரியாத மைக்கறைக்கு 'பதற வேண்டாம் நண்பரே'. கூடப் பிறந்தவளுக்குக் குப்பை கொட்ட முடியாதவள். இதில் கால்வாசிப் பொறுமை அன்றைக்கு இருந்திருந்தால் நாலு வருஷம் நாசமாகியிருக்காதே என்று வாய்விட்டே சொன்னாள். அறையில் கேட்க ஆள் இல்லை.

ஆனால் கட்டங்கள் போய் எழுத்துக்கள் வந்துவிட்டன. மொழிபெயர்ப்பாளர் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார்.

"எழுத்து வந்துருச்சு. ஆனா இதுல பாதி சீனாக்காரங்க எழுதற உருவம். படிச்சுடலாம், தப்புன்னும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பசங்க, இது ஏன் இப்படி இருக்குன்னு கேட்பாங்க. வேற யாரோட சட்டையையோ போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

மறுபடி மன்றம். மறுபடி பதமாக ஒரு பதில்: இரண்டு நாட்டுக்கும் பொதுவாக வைத்த எழுத்து அது, உருவம் மட்டும் கொஞ்சம் வேறு, இது ஜப்பானியப் பாடம் என்று நிரலுக்கு முதலிலேயே சொல்லாவிட்டால் அது கையில் கிடைத்த எழுத்துருவைப் போட்டுவிடும். அதுவும் சரியானது. அடுத்து, உயிரெழுத்தை நீட்டிச் சொல்வதற்கு அவர்கள் ஒரு கோடு போடுவார்கள். மேலிருந்து கீழே எழுதும்போது அது நிமிர்ந்து நிற்க வேண்டும், இவள் பக்கத்தில் அது சொகுசாகப் படுத்துக் கிடந்தது. அதையும் ரோலர் நிமிர்த்திக் கொடுத்தார்.

நாளாக ஆகத் தங்கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் அறைக்கு வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் மன்றத்தைத் திறப்பாள். பதில் தெரிந்த கேள்வியையும் ஒன்றிரண்டு தடவை கேட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், திட்டாத அண்ணன் ஒருவர் கிடைத்ததில் அவளுக்கு ருசி தட்டிவிட்டது. அதே சமயம் அந்த மைக்கறை மேல் பொறாமையாகவும் இருந்தது. தன் மேலேயே பொறாமைப்படுகிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

மிச்சம் ஒரே ஒரு சிக்கல். பொடி எழுத்து வருகிற வரிகளில் மட்டும் இடைவெளி அகன்று, பக்கம் பல் போன சீப்பு மாதிரி இருந்தது. அதைக் கேட்டு எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மன்றத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இல்லாமல், தனிச் செய்தியாக ரோலரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"நண்பரே, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் வேறு. அவள் பேசுவதில்லை, அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. வருகிற வியாழக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு போன் பண்ணலாமா என்று பார்க்கிறேன். பண்ணினால் எடுப்பாளா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

தங்கை அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது அழுகை, அது உண்மை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அழுகை நின்றதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. நாலு வருஷம் இருந்தது. போன் இருந்தது, எண் இருந்தது, கால் இருந்தது. அப்போதெல்லாம் வராதவர், இப்போது மூன்றாம் மனிதனிடம் போய்ப் பஞ்சாயத்து வைக்கிறார். அதென்ன வியாழக்கிழமை? நல்ல நாள் பார்த்துத்தான் தங்கையிடம் பேசுவாரோ? என்னைத் திட்டுவதற்கு நாள் பார்த்தாரா?

அந்தச் சூட்டோடு எழுதினாள்.

"கேட்டதால் சொல்கிறேன். கூப்பிடாதீர்கள். எடுக்க மாட்டாள். நாலு பேர் முன்னால் சொன்னதை போனில் தனியாகச் சொல்லித் துடைத்துவிட முடியாது. அவள் பாட்டுக்கு நிம்மதியாக இருப்பாள், விட்டுவிடுங்கள்."

அனுப்பியும் விட்டாள். ஆனால் அவள் மனசில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் முடிவு பண்ணிவிடுவீர்கள். ஒரு தடவை கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டால் என்ன மரியாதை? இன்னொரு தடவை கேட்கட்டும். கொஞ்சம் கெஞ்சட்டும். அப்போது, 'சரி, பண்ணித்தான் பாருங்களேன்' என்று எழுதலாம். இதுதான் திட்டம். மைக்கறையின் பேரைச் சொல்லிக்கொண்டு கூடப் பிறந்தவரைக் கொஞ்சம் கெஞ்ச வைக்கிற ஆசை. அற்ப ஆசைதான்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. "சரி நண்பரே. ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. உங்கள் பொடி எழுத்துச் சிக்கலுக்கு வழி கீழே இருக்கிறது. வரியின் உயரத்தை நீங்களே கட்டிப்போட்டுவிட்டால் அது அகலாது. புத்தகம் நன்றாக வரும்." அதற்குக் கீழே ஏழு வரி நிரல்.

தங்கை திங்கட்கிழமை பார்த்தாள், செவ்வாய் பார்த்தாள். ரோலர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. வியாழக்கிழமை போனைத் திரை மேல் பார்க்க மேசையில் வைத்துக்கொண்டே வேலை செய்தாள். அடித்தால் எடுத்துவிடுவது என்றும் வைத்திருந்தாள். அச்சுக் கடைக்காரர் ஒரு தடவை அடித்தார், காகிதம் எந்தக் கனம் என்று கேட்க. வேறு யாரும் அடிக்கவில்லை. 'பார், என் அண்ணன் பாசம் இவ்வளவுதான். ஊரார் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்' என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் வெற்றியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு உடம்பு கூசும்.

அந்த ஏழு வரி நிரலைப் போட்டதும் பக்கம் தண்ணீர் விட்டுத் துடைத்த மாதிரி சீராகிவிட்டது. நூறு பிரதி வந்தது. வலது பக்கம் தைத்து, வலமிருந்து புரட்டுகிற புத்தகம். மொழிபெயர்ப்பாளர் பூதக்கண்ணாடியைப் பையிலேயே வைத்துவிட்டார். "அங்க அச்சடிச்சதுன்னே சொல்லலாம்" என்றார். இருபதாம் தேதி விமானம் ஏறிப்போனார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டால், எங்கே ஆரம்பித்து எப்படி முடிந்தது என்று முழுசாக ஒரு குறிப்பு எழுதிப் போட்டுவிட வேண்டும். பின்னால் வருகிறவன் அதே பள்ளத்தில் விழக் கூடாது என்பதற்காக. மைக்கறை இன்னும் எழுதவில்லை என்று யாரோ ஞாபகப்படுத்தியிருந்தார். ரோலர் வழக்கமாகத் தானே ஞாபகப்படுத்துகிறவர். அவரைத்தான் ஐந்து வாரமாக மன்றத்தில் காணவில்லை. ஒரு காலை நேரம் தங்கை எழுத உட்கார்ந்தாள். எடுத்துக்காட்டுக்கு வேண்டுமே என்று தான் முதல் நாள் ஒட்டின முந்நூறு வரிக் குறிப்பைத் திறந்தாள்.

முதல் வரி, கோப்பு இருக்கிற இடத்தைச் சொல்கிற வரி. 'ஹோம்' என்று ஒரு சொல், ஒரு சாய்கோடு, அதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'சுண்டு'. அடுத்த வரியிலும் சுண்டு. முந்நூறு வரியில் நாற்பது இடத்தில் சுண்டு, சுண்டு, சுண்டு.

தினமும் பார்க்கிற வரி, தன் மூக்கைத் தானே பார்க்காத மாதிரி பார்க்காமலே விட்டிருக்கிறாள். சண்டைக்கு முன்னால், இந்தக் கம்ப்யூட்டரை வாங்கின புதிதில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தவர் அண்ணன். 'பயனர் பெயர் என்ன' என்று அது கேட்டபோது, இவளைக் கேட்காமல் அவரே சிரித்துக்கொண்டே அடித்த பெயர் அது. சின்ன வயசில் இவள் சுண்டெலி மாதிரி இருந்தாள் என்று அவர் வைத்த பட்டப்பெயர். உலகத்தில் வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டது கிடையாது. புதுப் பெயர், புது முகவரி, ஆம்பளை மாதிரி நாலு வரி, எல்லாம் போட்டு மூடிவிட்டு, கையோடு சொந்தப் பெயரை நாற்பது தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியைக்கூட விடாமல் படித்தவர் முதல் வரியைப் படிக்காமலா இருந்திருப்பார்?

அவருடைய பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "ஒரே மூச்சாகத் திரையைப் பார்க்காதீர்கள், ஒற்றைத் தலைவலி வந்தால் இரண்டு நாள் போய்விடும்." மைக்கறைக்கு ஒற்றைத் தலைவலி உண்டென்று மைக்கறை எங்கும் எழுதவில்லை. "சாப்பிட்டுவிட்டு அப்புறம் இதைச் செய்யுங்கள்." பதற வேண்டாம், எனக்கும் ஆனது, எந்தப் படியில் சிக்கினாலும் கேளுங்கள். அத்தனையும் ஊராருக்குக் கொடுத்த பொறுமை என்று வயிறெரிந்தாளே, ஒரு சொல்கூட ஊராருக்கு இல்லை. எல்லாம் இவளுக்கு. 'எடுப்பாளா' என்று மூன்றாம் மனிதனிடம் கேட்கவில்லை அவர். எடுப்பாயா என்று இவளைத்தான் கேட்டிருக்கிறார். மாட்டேன் என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள்.

யோசிக்கவில்லை. போனை எடுத்து அண்ணன் எண்ணை அழுத்தினாள். நாலு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த எண். அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, நான்தான். அண்ணன்கிட்ட கொடுங்க."



"அவரால பேச முடியாதும்மா" என்றாள் அண்ணி.

"கோபமா இருக்காரா?"

"கோபம் இல்ல. பேச முடியாது. தொண்டையில கட்டி. குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. அஞ்சு வாரம் ஆச்சு, ஒரு வியாழக்கிழமை. உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. குரல்தான்." அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "முன்னாடியே உனக்குச் சொல்லலாம்னு நான் போனைக் கையில எடுத்தேன். வேணாம், அவகிட்டயே கேட்டுட்டேன், அவளுக்கு இஷ்டம் இல்லன்னார். எப்படிக் கேட்டார், எப்பக் கேட்டார்னு எனக்குப் புரியல. நீயும் அவரும் பேசிக்கிட்டதாவே எனக்குத் தெரியாதே."

தங்கை அறையைப் பூட்டினாளா என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, அதன் நடுவே சின்னக் குழாய். பாதியாக இளைத்திருந்தார். மடியில் ஒரு பலகை, பலகை மேல் மடிக்கணினி. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, வாயும் திறந்தது. பழக்கம். சத்தம் வரவில்லை, குழாயில் காற்றுதான் சீறியது. வாயை மூடிக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார்.

"அண்ணா" என்று உட்கார்ந்தாள். வருகிற வழியெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. "தெரிஞ்சுதான் எழுதினியா?"

அவர் தலையாட்டினார். விசைப்பலகையில் அடித்துத் திரையை அவள் பக்கம் திருப்பினார். 'உன் கம்ப்யூட்டருக்குப் பேர் வச்சதே நான்தானே.'

"தெரிஞ்சா நேரா கூப்பிட வேண்டியதுதானே. யாரோ மாதிரி எழுதினது அது. அதைப் போய் எதுக்கு நம்பின?"

'யார் பேர்ல எழுதினாலும் பதில் உன்னோடதுதானே.'

"நீ இன்னொரு தடவை கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்." சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. "வியாழக்கிழமைன்னு மட்டும் போட்ட. எதுக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? ஓடி வந்திருப்பேனே."

இதற்குக் கொஞ்சம் யோசித்து அடித்தார். 'அதனாலதான் போடல. பாவம் பார்த்து நீ எடுக்கக் கூடாதுன்னு இருந்தது.'

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி வாசலில் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் கையை நீட்டி அவள் தலையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் அண்ணா" என்றாள். "பெரிய தப்பு." முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்தாள். "அன்னைக்குப் போன்ல என்ன சொல்லணும்னு இருந்த? இப்பச் சொல்லு. எழுது, நான் படிக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன்."

அண்ணன் விரல்களை விசைப்பலகையில் வைத்தார். ஏதோ அடித்தார். பார்த்தார், அழித்தார். மறுபடி அடித்தார், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. அதையும் ஓர் ஓர் எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தார்.  பிறகு ஒரே வரி அடித்துத் திரையைத் திருப்பினார்.

'எழுதற விஷயமா இருந்தா அங்கயே எழுதியிருப்பேனே, சுண்டு.'

தங்கை அந்த வரியைப் படித்தாள். கடைசியில் இருந்த பெயரை அண்ணன் வாயால் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். எவ்வளவோ முயன்றாள். சின்ன வயசில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள், ஒன்றும் வரவில்லை. நாலு வருஷமாக வேறு எதையும் கேட்காமல் திரும்பத் திரும்ப அதையே ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததில், அண்ணன் குரல் என்று அவளிடம் மிச்சம் இருந்தது அச்சகத்தில் நாலு பேர் முன்னால் கத்தின அந்தக் கத்தல் ஒன்றுதான்.